மூன்று மாதச் சம்பளம்

ஃபேன் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம். வியாபாரிகள் சங்கத்து மாடியில், செயலாளர் அறைக்கு வெளியே கிடக்கும் நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி உட்காருவோம், கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி அண்ணாச்சி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கிறார். அவர்தான் சங்கத்துச் செயலாளர். கீழே இருக்கும் அரிசி மண்டியும் அவருடையதுதான், சாக்கு வாசம் படியேறி இங்கே வரைக்கும் வருகிறது. சங்கத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் உண்டு, தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு ஒரு தண்ணீர் லாரியும் உண்டு. ஆம்புலன்சை ஓட்டுவது காசிராஜன் அண்ணன், உள்ளே நோயாளியோடு உட்காருவது நான். லாரிக்கு நான்கைந்து பேர். ஒருத்தர் தறி ஓட்டுகிறார், ஒருத்தர் பந்தல் போடுகிறார், நான் காலையில் ஒரு டாக்டரம்மா கிளினிக்கில் ஊசி போடுகிறேன். எல்லாருமே அரை வேலைக்காரர்கள்தான், போன் வந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். எத்தனை டிரிப் ஓடினோமோ அதற்குக் காசு. தீப்பிடித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும் என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

காசிராஜன் அண்ணன் இப்போதுதான் வெளியே வந்தார். ரூபாயைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டே என் பக்கம் குனிந்து, "ஜெயக்கொடி, அண்ணாச்சி அந்த டிரிப்பப் பத்திக் கேட்டாரு. நீ அன்னைக்கு வேலையாப் போனியா, சொந்தக்காரியாப் போனியான்னு. நான் வாயத் தெறக்கல. அத அவகிட்டயே கேட்டுக்கோங்கன்னு வந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். அந்த டிரிப் என்றால் எந்த டிரிப் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போன டிரிப். போனோம், அவர் திரும்பவில்லை. அதற்கு இன்றைக்குக் கணக்கு முடிக்க வேண்டும். எனக்கு முன்னால் லாரிக்காரர்கள் மட்டும்தான் பாக்கி. அவர்கள் போய் வருவதற்குள் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதெல்லாம் கருத்தப்பாண்டியால் வந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவன். மாமியாருக்கு மூட்டு வலி என்று வாராவாரம் ஆம்புலன்சில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அதையும் டிரிப் என்று காசு வாங்கியவன். மாமியார் முட்டியில் மாடி கட்டினவன் என்று ஊரே பேசியது. அதற்குப் பிறகுதான் சங்கத்தில் சட்டம் போட்டார்கள். சொந்தக்காரரை ஏற்றினால் சொந்தக்காரராகத்தான் போக வேண்டும், டிரிப் காசு கிடையாது, மற்ற குடும்பங்களைப் போல டீசல் காசும் கட்ட வேண்டும். வேலையாகப் போனால் வேலைக்காசு. அண்ணாச்சி ஒவ்வொரு டிரிப்பாக வாசிப்பார், எந்த இடம், யாரை ஏற்றினோம், எந்த ஆஸ்பத்திரி என்று, நாங்கள் ஆமா ஆமா என்று சொல்ல வேண்டும். ஆமா சொன்னதற்குத்தான் ரூபாய். சட்டம் போட்டபோது நான்தான் முதலில் தலையாட்டினேன், நியாயம்தானே என்று. வேலையா சொந்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு டிரிப் வரும் என்று யாருக்குத் தோன்றும். போன் வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன், எனக்குப் பதில் ஏற வேறு ஆள் இல்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவர். இரண்டும் உண்மை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

வேலை என்றே சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியதும் அதுதான். மகள் ஹரிணிக்குக் காலேஜ் விடுதிச் சாப்பாட்டுக் காசு கட்ட வேண்டும், பாவம் பிள்ளை, முதல் வருஷம், அப்பா போன பிறகு போனில் எதையும் கேட்பதே இல்லை. கேட்காத பிள்ளைக்குத்தான் அதிகம் தேவைப்படும். மளிகைக் கடையில் பற்று ஏறிக்கொண்டே போகிறது. கடைக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் சம்பளம் எப்பக்கா என்று விசாரிக்கும்போது அவர் பார்வை சர்க்கரை டப்பாவில் இருக்கும், என் முகத்தில் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. அது என்ன சம்பளமா, வெள்ளாமையா என்கிறார்கள். நானும் அண்ணாச்சியிடம் ஒருதடவை கேட்டுப் பார்த்தேன், மாதாமாதம் கொடுத்தால் என்ன என்று. சங்கத்துக்குக் கடை வாடகையே அப்படித்தான் வருகிறது, மாதாமாதம் கொடுத்தால் கையில் கரைந்துவிடும், சேர்த்துக் கொடுத்தால் ஒரு பொருளாக நிற்கும் என்றார். வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பசிய மூணு மாசத்துக்கு ஒருதடவை வரச் சொல்லு, அண்ணாச்சி சொன்னாருன்னு சொல்லு.

அவருக்குத் தினக்கூலி. புரோட்டா மாஸ்டர். கல்லை அணைத்தவுடன் கையில் காசு, அன்றைய வேலை அன்றைக்கே தீர்ந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மைதாவும் எண்ணெயும் கலந்து ஒரு வாசம் வரும். பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கிற ரூபாயிலும் அதே வாசம் இருக்கும், மடிப்பில் மாவு ஒட்டியிருக்கும். அந்தக் காசில்தான் தினமும் உலை வைத்தோம். என் காசு திருவிழாக் காசு, வந்தால் ஃபீஸ், வந்தால் கம்மல், வந்தால் கடன் அடைப்பு. அன்றாடத்தை அவர் பார்த்துக்கொண்டார். அவர் இல்லை என்பது எனக்கு அழுகையில் தெரிந்ததைவிட அந்த அலமாரியில்தான் தெரிந்தது. கை தன்னால் போகும், தடவும், பலகைதான் இருக்கும். அவரால் வேலையை எப்படி மறக்க முடிந்தது என்று இப்போது புரிகிறது. காசு கைக்கு வந்ததும் அந்த நாள் போய்விடும். இன்றைக்குப் போட்ட புரோட்டா நாளைக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அப்படி இல்லை. வேர்வை காய்வதற்குள் கூலியைக் கொடு என்பார்கள். எங்களுக்கு வேர்வை காய்ந்து, சட்டையைத் துவைத்து, அந்தச் சட்டையே கிழிந்தும் போயிருக்கும், அப்போது கூப்பிட்டு வாசிப்பார்கள், நாலுவழிச் சாலை, லாரி மோதி ஒருத்தர், ஆமா. கிணற்றில் விழுந்த பெண், ஆமா. மறந்ததெல்லாம் எழுந்து வந்து எதிரே நிற்கும். ஒவ்வொரு தடவையும் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. அவர் தயிரை ஊற்றிப் பிசைந்து தட்டை நகர்த்தி வைப்பார்.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் மாஸ்டர் விழுந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை கடை, எத்தனை மாஸ்டர். எனக்கு ஒன்றும் தோன்றவே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ சொல்லியது, கண் துடித்தது என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள், எனக்கு எதுவும் துடிக்கவில்லை, ஆக்சிஜன் சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முதலில் காலைத்தான் பார்த்தேன். கால் விரலில் நான் கட்டிவிட்ட துணி இருந்தது, முந்தின நாள் அம்மிக் குழவி காலில் விழுந்ததற்குக் கட்டியது. அப்போதும் நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு மேலே விழுந்திருப்பாள், நான்தான் அப்படிப்பட்ட பெண்களைத் தோளைப் பிடித்து விலக்குகிறவள், அம்மா கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும். என் கை நாடியைப் பிடித்தது. வாய், எத்தனை நேரமாச்சு, வாந்தி எடுத்தாரா என்று கேட்டது. எல்லாம் தன்னால் நடந்தது. காசிராஜன் அண்ணன் என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்.

வண்டிக்குள் என் இடம் நோயாளியின் தலைமாட்டில். பக்கவாட்டில் நீளமாக ஒரு பெஞ்சு, அது சொந்தக்காரர்களுக்கு. எப்போதும் அதில் யாராவது இருப்பார்கள், அழுகிற மனைவி, போனில் கத்துகிற மச்சான், ஒன்றும் புரியாமல் பையை மடியில் வைத்திருக்கும் அப்பா. மாஸ்க்கை மாட்டியதும் நினைவு இருக்கிறதா என்று பார்க்க எல்லாரிடமும் கேட்கிற கேள்விகள்தான். உங்க பேர் என்ன, சொல்லுங்க. அவரிடம் கேட்டேன். கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் பேர் என்ன என்று கேட்டேன். அவரும் சொன்னார், தவசிலிங்கம், மாஸ்க்குக்குள்ளிருந்து மெல்ல. அடுத்த கேள்வி இதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரைக் காட்டி, இது யாரு, தெரியுதா என்று கேட்க வேண்டும். வாய் கேட்டுவிட்டது. கை பெஞ்சைக் காட்டிவிட்டது. அவர் தலையைத் திருப்பி அந்தக் காலிப் பெஞ்சைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார். "யாரும் இல்லையே" என்றார். நான் சரி, நல்லது என்றேன். பதில் சரிதானே, ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது, பிபி கருவியைக் கையில் சுற்றினேன். அது ஏறி இறங்குவதற்குள் அவர் கண் மேலே போய்விட்டது. அப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனேன். ஆனால் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். யாரும் இல்லையே.

கேலிக்குச் சொன்னாரோ. அவர் கேலிக்காரர். சீரியஸான இடத்தில்தான் அவருக்கு வாய் அதிகம், என் அப்பா காரியத்திலேயே ஐயரைச் சிரிக்க வைத்தவர். கேலிக்குச் சொல்லும்போது வாயின் ஒரு பக்கம் மட்டும் லேசாக மேலே போகும், அதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். வாயை மாஸ்க் மூடியிருந்தது. நானே மாட்டிய மாஸ்க். இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரோ, பெஞ்சில் யாரும் இல்லை, அதனால் யாரும் இல்லை, அவ்வளவுதானோ. இல்லை, என்னையே தெரியவில்லையோ. யாரோ ஒரு நர்சம்மா பேர் கேட்கிறாள், மரியாதையாகப் பதில் சொல்வோம் என்று சொன்னாரோ. ஏன் கொடி, என் பேர் உனக்குத் தெரியாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். கேட்கவில்லை. அடித்துத் துவைத்துப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் அந்த வார்த்தையிலிருந்து எதுவும் வரவில்லை. இறந்தவர்களின் வீட்டு ஆட்கள் சில நாள் கழித்து என்னைத் தேடி வருவார்கள். கடைசியா என்னம்மா சொன்னாரு. எதுவுமே சொல்லாமல் போனவராக இருந்தாலும் நான் ஏதாவது சொல்லி அனுப்புவேன், உங்களத்தான் கேட்டாரு, பிள்ளைகளப் பாத்துக்கச் சொன்னாரு என்று. கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது பொய் என்று நான் நினைத்ததில்லை, தண்ணீர் கொடுப்பது மாதிரி அது. ஹரிணி கேட்டபோதும், உன் பேரச் சொன்னாருடா என்றேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. வண்டிக்குள் இருந்தது நான்தானே. எனக்குத்தான் தெரியுமே.

கடைசி லாரிக்காரரும் உள்ளே போய்விட்டார். தீப்பெட்டி ஆபீஸ் குடோன், ஆமா. வைக்கோல் படப்பு, ஆமா. அவர் குரல் இங்கே கேட்கிறது. வேலை என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. வேலை செய்தேன், அதற்குக் காசு, நியாயமான காசு. அவர் இருந்தால் அவரே சொல்வார், அட கிறுக்கு, வாங்கிக்கோ, நான் செத்தும் உனக்கு ஒரு டிரிப் குடுத்திருக்கேன்ல என்பார். ஆனால் வேலை என்று சொல்லிவிட்டால் அந்த வண்டியில் அவரோடு ஒரு டிரைவர் போனார், ஒரு நர்சம்மா போனாள். அவர் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அதற்கு நானே ஆமா சொல்லி, கை நீட்டிக் காசும் வாங்கியதாக ஆகும். இதை மூன்று மாதமாக யாரும் என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்கே கொடுத்திருந்தால், அந்த மயக்கத்தில், என்ன காசு என்று தெரியாமலே வாங்கிப் போட்டிருப்பேன். வேண்டாம், காசு முக்கியம், ஹரிணி முக்கியம், செத்தவருக்கு இனிமேல் என்ன. வேலைதான். வேலை என்றுதான் சொல்லப்போகிறேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், வேலையாத்தான் போனேன் அண்ணாச்சி, வேலையாத்தான் போனேன். லாரிக்காரர் வெளியே வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, போங்கக்கா என்றார்.

அண்ணாச்சி நாற்காலியைக் காட்டினார். மற்ற டிரிப்பெல்லாம் வாசித்தார், நான் ஆமா ஆமா என்றேன், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "தப்பா எடுத்துக்கிடாத தாயி. சட்டம்னு ஒண்ணு இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். நீ டியூட்டியிலதான இருந்த, வேலைன்னே போட்டுருதேன், என்ன" என்றார். பாவம், பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். தலையாட்டினால் போதும். நான் வாயைத் திறந்தேன். சொந்தக்காரியாத்தான் போனேன் என்று வந்தது. அவர் திகைத்துப்போய், யோசிச்சுச் சொல்லும்மா என்றார். டிரிப் காசு போய்விடும், டீசல் காசும் இதில் கழியும், தூரத்து ஆஸ்பத்திரி, போக வர டீசல், பிள்ளை படிக்கிற நேரம் என்று மெதுவாக, கோபமே இல்லாமல் எடுத்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளில் மற்றவர்கள் முன்னால் நான் அழுதது அப்போதுதான். தெரியும் அண்ணாச்சி, கழிச்சுக்கோங்க என்றேன்.

அவர் கழித்தார். மீதி ரூபாயை என் பக்கம் தள்ளி வைத்தார், ஹரிணிக்கு அது பற்றாது, வேறு எங்கேயாவது கடன் வாங்க வேண்டும். டீசல் காசு கட்டுகிற குடும்பத்துக்கு ரசீது போடுவது சங்கத்து வழக்கம். ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தவசிலிங்கம் என்று பேரை எழுதினார், ஊரை எழுதினார். அதற்கு அடுத்த வரியில் பேனா நின்றது. என்ன எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் நிமிர்ந்து பார்த்து, எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டார்.

"நோயாளி கூட வந்தது யாரும்மா?"

"நான்தான் அண்ணாச்சி" என்றேன். "அவரு வீட்டுக்காரி."